ஆறு மணி அடிப்பதற்குள்: லிங்கராஜபுரத்திலிருந்து ஹூடிக்கு ஒரு நாள்

இந்த வலைப்பூவில் நான் இதுவரை எழுதியதெல்லாம் மலை, அருவி, கோட்டை. சனிக்கிழமை விடியற்காலையில் பையைத் தூக்கினால் ஞாயிறு இரவு திரும்புகிற பயணங்கள். இந்த முறை போய்வந்த தூரம் மொத்தமே நாற்பத்தெட்டு கிலோமீட்டர். பெங்களூரை விட்டு வெளியே காலே வைக்கவில்லை. ஆனால் நான் போனதிலேயே நெஞ்சு அதிகம் அடித்துக்கொண்ட பயணம் இதுதான், சத்தியமாகச் சொல்கிறேன். ஒரு பெண்ணின் படிப்பு அந்த நாற்பத்தெட்டு கிலோமீட்டரில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை. நான் கோவில்பட்டிக்காரி, பெயர் கவி. வேலைக்காக பெங்களூர் வந்து ஐந்து வருடம் ஆகிறது. முதல் மூன்று வருடம் லிங்கராஜபுரத்தில் ஆரோக்கியமேரி அக்காவின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். பிறகு அலுவலகத்துக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று வைட்ஃபீல்டுக்கு மாறிவிட்டேன். மேரிக்கா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைப்பவர். அவர் கணவர் சேவியர் அண்ணன் சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறார். இருவருக்கும் ஒரே மகள், ரோஸ்லின், வயது பதினெட்டு. எனக்கு அம்மாவும் அக்கா, மகளுக்கு நானும் அக்கா. அந்த வீட்டில் யாரும் இதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

ரோஸ்லினுக்கு மருத்துவ ஆய்வகப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. வைட்ஃபீல்டு சாலையில், ஹூடியைத் தாண்டி ஒரு பெண்கள் கல்லூரி. மதிப்பெண்ணுக்காகக் கட்டணம் முழுவதையும் தள்ளுபடி செய்திருந்தார்கள். பெற்றோர் ஒருவர் வியாழக்கிழமை மூன்றரை மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும் என்று போனில் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இதே படிப்பு இருக்கும் இடங்களில் எல்லாம் கட்டணத்தைக் கேட்டாலே தலை சுற்றும். ஹூடி இல்லையென்றால் சிவாஜிநகர் கடையில் பில் போடும் வேலை. முதலாளி ஏற்கெனவே நாற்காலி காலியாக இருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தார்.

சேவியர் அண்ணன் வில்லன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி வழியில் அவர் மேல் உங்களுக்குக் கோபம் வரும். அவர் கடை அடைத்து வீடு திரும்ப இரவு ஒன்பது ஆகும். மகளைக் கூட்டிவர ஆள் இல்லை. அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. மாதா கோயிலில் மாலை ஆறு மணிக்கு ஜெப மணி அடிக்கும். அதற்குள் பெண் பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். யாரும் எழுதி ஒட்டிய சட்டம் இல்லை, ஆனால் மணி அடித்தால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு அம்மா தலையை நீட்டிப் பார்ப்பார். கல்லூரி முடிவது நாலரைக்கு.

முந்தைய நாள் போனில் அண்ணன் என்னிடம் சொன்னது இது. "பாருமா, நான் படிக்க வேணாம்னு சொல்லல. நாலரைக்கு வுட்டா ஆறு மணி அடிக்கறதுக்குள்ள வூட்ல இருக்கணும். ஒன்றரை மணி நேரம். அவ அம்மா ஒரு தரம் போயிட்டு வரட்டும். முடிஞ்சா சேரட்டும். முடியலன்னா, நான் கடைல துணி கிழிச்சினு நிக்கும்போது இவ எந்த ஸ்டாப்புல நிக்கறாளோன்னு நெனச்சினு இருக்க என்னால ஆவாது."

இதற்கு மூன்று நிபந்தனைகள் வேறு. ஆட்டோ, கேப் கூடாது, தினமும் யார் கொடுப்பது? கையில் மேப் போட்டுப் பார்க்கிற போனும் கூடாது, ரோஸ்லினிடம் இருப்பது பட்டன் போன். நான் கூடப் போகலாம், ஆனால் வழிகாட்டக் கூடாது. சுருக்கமாகச் சொன்னால், ஊர் ஊராகச் சுற்றுவதைப் பற்றி எழுதுகிற எனக்கு அன்று வேலை சும்மா இருப்பது.

காலை 5.50க்கு வைட்ஃபீல்டிலிருந்து கேப் பிடித்தேன். 438 ரூபாய், ஐம்பத்திரண்டு நிமிடம். கிளம்பியதும் டிரைவர் ஏதோ கிராஸ் பெயரைச் சொல்லி, "அது வழியா போகலாமா மேடம்?" என்று கேட்டது லேசாக நினைவிருக்கிறது. எது வழியாக வேண்டுமானாலும் போங்கள் என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டேன். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் இதை நினைத்து நானே என் தலையில் தட்டிக்கொண்டேன்.

வீட்டில் ரோஸ்லின் சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூன்றாவது முறையாக எண்ணிக்கொண்டிருந்தாள். அவளை வரக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார், இது அம்மாவுக்கான பரீட்சை. என்னை மாடிப்படி ஓரமாக இழுத்து, "அக்கா, எங்க அம்மா தனியா எங்கேயும் போனதில்ல. தொலைஞ்சிட வுடாதீங்க," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சான்றிதழ்களை நான்காவது முறையாக எண்ணப் போய்விட்டாள்.

அண்ணன் வழியைத் துணிக்கடை உறையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். வீட்டிலிருந்து சிவாஜிநகர். சிவாஜிநகரிலிருந்து ஹூடி. அவ்வளவுதான். லிங்கராஜபுரத்துக்காரர்களுக்கு உலகத்தில் எந்த இடத்துக்கும் வழி சிவாஜிநகரில் தொடங்கும். ஆஸ்பத்திரி, கல்யாணத் துணி, ஆட்டுக்கறி, வேளாங்கண்ணிக்கு பஸ், எல்லாமே அங்கிருந்துதான். மூன்று வருடம் அங்கே இருந்த எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது, அதனால் அந்த உறையைப் பார்த்து எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

7.30க்கு வீட்டை விட்டு இறங்கினோம். 7.38க்கு பஸ். கர்நாடக முகவரி உள்ள ஆதார் இருந்தால் பெண்களுக்கு நகரப் பேருந்தில் டிக்கெட் இலவசம். மேரிக்கா ஆதாரை நீட்டிப் பூஜ்யம் போட்ட டிக்கெட்டை ராணி மாதிரி வாங்கிக்கொண்டார். என் ஆதாரில் இன்னும் கோவில்பட்டி. கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "தமிழ்நாடா? டிக்கெட் தகோளி மேடம்," என்று பதினெட்டு ரூபாய் வாங்கினார். மேரிக்கா அதற்குப் பிறகு அன்று முழுவதும், ஒவ்வொரு பஸ்ஸிலும், நான் சில்லறை எடுக்கும்போதெல்லாம் சிரித்தார்.

காக்ஸ் டவுன் தாண்டி நெரிசல். ஆறு கிலோமீட்டருக்கு நாற்பத்து மூன்று நிமிடம். 8.21க்கு சிவாஜிநகர். இங்கே மேரிக்காவைப் பார்க்க வேண்டுமே! கறிக்கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன, பழ வண்டிகள் வழியை அடைத்து நின்றன, நான் தட்டுத் தடுமாற, அவர் கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறார். பட்டன் கடைக்காரர் வணக்கம் சொல்கிறார், லைனிங் துணிக் கடைக்காரர் டீ குடிக்கிறீர்களா என்று உருதுவில் கேட்கிறார். ஆனால் ஹூடி பஸ் நிற்கும் இடத்துக்கு வந்ததும் அவருடைய நடை சுருங்கிவிட்டது. அதற்கு அப்பால் அவர் தனியாகப் போனதே இல்லை. பலகையில் உள்ள கன்னடம் அவருக்குப் பேச வரும், படிக்க வராது.

"எழுத்து கெடக்கட்டும் கவி. நம்பர் இருக்குதில்ல, அது போதும்," என்று சொல்லிக்கொண்டு பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். அது அவருடைய அளவு நோட்டு. தோள், மார்பு, கை நீளம் என்று வாடிக்கையாளர்களின் அளவுகளைக் குறித்துவைப்பது. கடைசிப் பக்கத்தில் நாங்கள் வந்த பஸ்ஸின் நம்பர் ஏற்கெனவே ஏறியிருந்தது.

8.50க்குத்தான் பஸ் கிடைத்தது. எனக்கு இருபத்தெட்டு ரூபாய், அவருக்கு வழக்கம்போலப் பூஜ்யம். பாடம் ஒன்பதரைக்குத் தொடங்கும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஹலசூரில் மணி 9.05. பழைய மெட்ராஸ் ரோட்டில் ஊர்ந்தோம். 9.32க்கு டின் ஃபேக்டரி என்ற நிறுத்தம். பெங்களூருக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன், அங்கே தகர டப்பா எதையும் தேடாதீர்கள், பெயர்தான் அது. தொங்குபாலமும் மெட்ரோ தூண்களும் அவுட்டர் ரிங் ரோடும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும் பெரிய சந்திப்பு. எங்கள் பஸ் அங்கே பதினோரு நிமிடம் அசையவில்லை.

நான் வாட்சைப் பார்த்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன். மேரிக்கா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று நோட்டைத் திறந்து ஏதோ எழுதினார். "ஐநூறு நம்பர் பஸ்ஸு இங்கியும் வருது பாரு," என்றார். நான், "ஆமாக்கா, ரிங் ரோடு பஸ்," என்று சொல்லிவிட்டு மறுபடி வாட்சைப் பார்த்தேன். எனக்கு அது ஒரு பஸ். அவ்வளவுதான்.

கல்லூரி வாசலைத் தொட்டபோது மணி 10.05. இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம். அனுமதிக்கப்பட்டது தொண்ணூறு நிமிடம். எனக்கு அழுகை வருவது போலிருந்தது. மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, அக்காவைப் பார்க்கவே சங்கடப்பட்டு, செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்து வேறு வழி பார்க்கலாமா என்று கேட்டேன். கை பைக்குள்ளே போய்விட்டது.

"வேணாம்," என்றார் மேரிக்கா. "அவகிட்ட மேப்பு போன் கெடையாது. அவளுக்கு இல்லாதது நமக்கும் வேணாம்."

அலுவலகத்தில் துறைத் தலைவர் இரண்டு மணிக்கு மேல்தான் வருவார் என்றார்கள். அதுவரை சுற்றிப் பார்த்தோம். ஆய்வகத்தை ஜன்னல் வழியாகப் பார்க்க விட்டார்கள். ரோஸ்லின் வயதுப் பெண்கள் வெள்ளைக் கோட்டுப் போட்டு, நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக் குனிந்திருந்தார்கள். மேரிக்கா வெகுநேரம் நின்றார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்து நான் தோளைத் தொட்டேன். அவர் திரும்பி, "அந்தக் கோட்டு கைய பாரு, சுருக்கம் எடுக்கவே இல்ல. இன்னா வெல வாங்கனாங்களோ," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் எட்டாவதோட நின்னேன் கவி. பஸ்ஸு இல்லன்னு நிறுத்தல. போற வழி யாருக்கும் தெரியலன்னு நிறுத்திட்டாங்க," என்றார்.

கேன்டீனில் சித்ரான்னம் முப்பத்தைந்து ரூபாய், நன்றாக இருந்தது, வேர்க்கடலை தாராளமாகப் போட்டிருந்தார்கள். அக்கா பாதிதான் சாப்பிட்டார்.

இரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். படிவம் மேஜை மேல் வந்தது. மூன்றரை வரை நேரம். அண்ணனின் உத்தரவுப்படி, நேரம் சரிப்பட்டால் கையெழுத்து, சரிப்படாவிட்டால் திரும்பி வர வேண்டியது. காலையில் நடந்தது எங்கள் இருவருக்கும் தெரியும். அலுவலகப் பெண் பேனாவைத் திறந்து நீட்டிக்கொண்டே இருந்தார். மேரிக்கா அளவு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு கன்னடத்தில், அப்பா வரவில்லை, அம்மா கையெழுத்துப் போதுமா என்று கேட்டார்.

"தாயி சைன் சாகம்மா," என்றார் அந்தப் பெண். அம்மா கையெழுத்தே போதும்.

மேரிக்கா போட்டுவிட்டார். ஆரோக்கியமேரி என்று முழுப் பெயரையும், ஒவ்வொரு எழுத்தாக, துணியில் தையல் போடுகிற நிதானத்தில் எழுதினார். வெளியே வந்ததும், "அக்கா, அண்ணன்கிட்ட இன்னா சொல்வீங்க?" என்றேன். பதட்டத்தில் எனக்கே லிங்கராஜபுரத் தமிழ் வந்துவிட்டது.

"காலேல லேட்டா போனா மிஸ்ஸு திட்டும். சாயங்காலம் லேட்டா போனா அப்பா நிறுத்திடுவாரு. திரும்பிப் போறதுதான் கணக்கு," என்றார். "வழி எனக்கு தெரியுது. நீ பேசாம வா."

மூன்று மணிக்கே கிளம்பிவிடலாம் என்றேன். அதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் நாலரைக்குத்தானே கிளம்புவாள், நாமும் நாலரைக்கே கிளம்ப வேண்டும், ஏமாற்றக் கூடாது. கல்லூரி மணி அடித்து, வாசலில் பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தபோது, அவர்களோடு சேர்ந்துதான் இறங்கினோம். மணி சரியாக 4.30.

4.41க்கு பஸ். ஏறியதும் கண்டக்டரிடம் மேரிக்கா சொன்ன பெயர் சிவாஜிநகர் இல்லை. "டின் ஃபேக்டரி," என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வழிகாட்டக் கூடாது என்ற நிபந்தனையை மறந்து அவர் கையைப் பிடித்தேன்.

"அக்கா, அங்க இறங்கி இன்னா பண்றது? சிவாஜிநகர் இன்னும் பத்து கிலோமீட்டர்."

"சிவாஜிநகருக்கு யாரு போறா?" என்றார். "எனக்கு வூட்டுக்குப் போவணும்."

பிறகு பொறுமையாகச் சொன்னார். மாதம் இரண்டு முறை ஹெண்ணூர் கிராஸில் உள்ள மொத்தக் கடைக்கு நூல் கண்டு வாங்கப் போவார். லிங்கராஜபுரத்திலிருந்து மூன்றரை கிலோமீட்டர், ஒரே பஸ். அங்கே ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் ஐநூறு நம்பர் பஸ் அவர் முன்னால் போகும். எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று அவர் கேட்டதில்லை. காலையில் டின் ஃபேக்டரியில் அதே நம்பரைப் பார்த்தார். ஒரு நம்பர் இரண்டு இடத்தில் இருந்தால் அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் ரோடு இருக்க வேண்டும். "தோளு இங்க, இடுப்பு இங்கன்னு அளவு வந்துட்டா நடுவுல துணி இருந்துதானே ஆவணும்," என்றார்.

அத்தனை வருடம் பயணக் கட்டுரை எழுதி என்ன பிரயோஜனம்! ஹூடி கிழக்கே இருக்கிறது. நாங்கள் காலையில் தெற்கே போய், அப்புறம் ஊரைச் சுற்றிக்கொண்டு கிழக்கே திரும்பியிருக்கிறோம். லிங்கராஜபுரமே அப்படித்தான் போகிறது, எங்கே போக வேண்டுமென்றாலும்.

5.08க்கு டின் ஃபேக்டரி. எனக்கு இருபத்து மூன்று ரூபாய். ரிங் ரோடு பஸ்கள் நிற்பது வேறு இடத்தில், ரோட்டைக் கடந்து இருநூறு அடி நடக்க வேண்டும். மேரிக்கா புடவையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஓடினார். நாற்பத்தாறு வயது அம்மா. முதல் பஸ்ஸில் படியில் தொங்கினார்கள். இரண்டாவது நிற்கவே இல்லை. "நிக்க மாட்டியா நீ!" என்று மேரிக்கா அதைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. மூன்றாவது பஸ் 5.18க்கு வந்தது, எனக்குப் பதினெட்டு ரூபாய். முன்பக்கம் பெண்களுக்கான இடத்தில் ஒரு அம்மா மடியில் இருந்த பையை நகர்த்தி அக்காவுக்கு இடம் கொடுத்தார்.

கல்யாண் நகர் வரும்போது எனக்கு ஒரு பெட்ரோல் பங்க்கை அரைத் தூக்கத்தில் பார்த்த ஞாபகம். அடுத்து ஒரு மேம்பாலம், அதையும் பார்த்த ஞாபகம். பிறகு கண்டக்டர் "ஹெண்ணூர் கிராஸ்" என்று கத்தினார். காலையில் கேப் டிரைவர் கேட்ட பெயர் அதுதான்! நான் தூங்கிக்கொண்டே அந்த வழியைக் கடந்து வந்திருக்கிறேன். அதுவும் 438 ரூபாய் கொடுத்து. அக்காவிடம் சொன்னேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

ஹெண்ணூர் கிராஸில் இறங்கியபோது 5.41. இது அவருடைய ராஜ்யம். எந்தப் பக்கம் நிற்க வேண்டும், எந்த பஸ் காலியாக வரும் என்று எல்லாம் தெரியும். 5.44க்கு ஏறினோம், எனக்குப் பன்னிரண்டு ரூபாய். மூன்றரை கிலோமீட்டர், பதினாறு நிமிடம் கையில். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த நேரத்தில் பஸ் நின்றது. முன்னால் தண்ணீர் லாரி ஒன்று குறுக்கே திரும்பி, ரோடு முழுவதும் அடைத்துக்கொண்டது. ஹாரன் சத்தம். 5.51. 5.52. இன்னும் அறுநூறு மீட்டர் இருந்தது.

"எறங்கு," என்றார் மேரிக்கா.

இறங்கி நடந்தோம் என்று எழுதினால் பொய். ஓடினோம். பேக்கரி, மருந்துக்கடை, கோழிக்கடை, அச்சுக்கடை, வழியில் தெரிந்தவர்கள் எல்லாம் "இன்னா மேரி, இன்னா ஆச்சு?" என்று கேட்கக் கேட்க, பதில் சொல்லாமல் ஓடினோம். சந்து திரும்பியதும் ரோஸ்லின் வாசலில் நிற்பது தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் அவள் முகத்தில் முதலில் வந்தது குழப்பம்தான், ஏனென்றால் நாங்கள் தெருவின் தப்பான பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தோம். மணி 5.57.

எண்பத்தேழு நிமிடம். மூன்று நிமிடம் மிச்சம். நான் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ரோஸ்லின் அம்மாவைக் கட்டிக்கொண்டாள், தோள் குலுங்கியது. மேரிக்கா இரண்டு நிமிடம் கூட அழவிடவில்லை. "போதும் வுடு, ஒரு பிளவுஸ் குடுக்கணும்," என்று முகத்தைக் கழுவிக்கொண்டு மெஷினில் போய் உட்கார்ந்தார்.

"அப்பா எங்க?" என்று கேட்டேன். அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்த அண்ணன், ஐந்தேகாலிலிருந்தே மெயின் ரோட்டு ஸ்டாப்பில் நிற்கிறாராம். சிவாஜிநகர் பஸ்கள் வந்து நிற்கிற ஸ்டாப்பில்.

கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. தெருவில் ஒவ்வொரு வாசலிலும் தலைகள் எட்டிப் பார்த்தன. எங்கள் வாசலில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

ஆறு மணி கடந்து எட்டு நிமிடம் ஆனதும் அண்ணன் வந்தார். தலை குனிந்திருந்தது. நடையைப் பார்த்தாலே தெரிந்தது, அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது. செருப்பைக் கழற்றிக்கொண்டே, மகளின் முகத்தைப் பார்க்காமல், "மணி அடிச்சிடுச்சிமா. ஆறு பஸ்ஸு பாத்துட்டேன், ஒண்ணுலயும் அம்மாவக் காணோம். நான் இன்னா பண்ணுவேன், சொல்லு," என்றார். அப்போதுதான் மெஷின் சத்தம் அவர் காதில் விழுந்தது. உள்ளே எட்டிப் பார்த்தார்.

மேரிக்கா தையலிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"இன்னாங்க," என்றார். "இவ்ளோ லேட்டு?"

அண்ணன் மெஷினையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தை வாங்கி, நம்பர்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இருவத்தி ரெண்டு வருசமா நான் ஒரே பஸ்ஸுல போயினு இருக்கறேன்," என்றார். "திரும்பிப் பாக்கவே இல்ல பாரேன்." கையெழுத்தைப் பற்றி மேரிக்கா அப்போதுதான் சொன்னார். அண்ணன் தலையாட்டிவிட்டு, ரோஸ்லினை டீ போடச் சொல்லவில்லை, அவரே போட்டார்.

இனி, இதே மாதிரி ஒரு வழியைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வீட்டுப் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறவர்கள், வீட்டில் உட்கார்ந்து யோசிக்காதீர்கள். ஒருவர் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலியான ரோட்டில் இல்லை, பாடம் தொடங்கும் நேரத்திலும் முடியும் நேரத்திலும். லிங்கராஜபுரம், பானஸ்வாடி பக்கத்திலிருந்து வைட்ஃபீல்டு திசையில் போகிறவர்கள் சிவாஜிநகரை மறந்துவிடுங்கள், ஹெண்ணூர் கிராஸ், டின் ஃபேக்டரி என்று இரண்டு இடத்தில் மாறினால் போதும். மழை நாளில் டின் ஃபேக்டரியிலிருந்து ஹூடி வரை மெட்ரோ பிடிக்கலாம், சுமார் முப்பது ரூபாய், நெரிசல் தெரியாது. ரிங் ரோடு பஸ்ஸில் பின்வாசலில் முண்டாதீர்கள், முன்வாசலில் நில்லுங்கள். உள்ளூர் முகவரிக்கு ஆதாரை மாற்றாமல் ஐந்து வருடமாகத் திரிகிற சோம்பேறிகள் என்னைப் போலப் பணம் கொடுக்கத் தயாராக இருங்கள். அன்று பஸ்ஸுக்கு மட்டும் எனக்குத் தொண்ணூற்றொன்பது ரூபாய். மேரிக்காவுக்குப் பூஜ்யம்.

ஒரு விஷயம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பெண் பிள்ளைகள் ஏன் படிப்பை விடுகிறார்கள் என்று பெரிய பெரிய காரணங்களை அலுவலகத்தில் நாங்கள் பேசியிருக்கிறோம். அந்தக் காரணங்களெல்லாம் உண்மைதான். ஆனால் இந்த வீட்டில் குறுக்கே நின்றது யாரும் பார்க்காமல் விட்ட ஒரு வழி. எத்தனை வீட்டில் எத்தனை பெண்கள் இப்படி எட்டாவதோடும் பன்னிரண்டோடும் நின்றிருப்பார்கள் என்று நினைத்தால் கோபம் வருகிறது. மேரிக்காவை நினைத்தால் அந்தக் கோபம் சந்தோஷமாக மாறிவிடுகிறது. இப்போது அதே தெருவிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்களை மேரிக்காவே ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தார். நான் கூடப் போகவில்லை, தேவைப்படவும் இல்லை.

கல்லூரி திறந்த முதல் நாள், அம்மா தைத்துக் கொடுத்த வெள்ளைக் கோட்டோடு ரோஸ்லின் தனியாகப் போனாள். எனக்கு அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஆறு மணி ஆக ஆகப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டன் போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வந்தது.

"5.46 வந்துட்டேன் அக்கா. அப்பா கடைல சொல்லிட்டு வந்து ஸ்டாப்புல நின்னாரு. இந்த வாட்டி ஹெண்ணூர் பக்கத்து ஸ்டாப்புல."